கயிற்றை விட்டவனைத்தான் ஏசுவோம்

பதினைந்து வயதில் வாங்கிய ஒரு சீ.ஆர். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை உதிர்ந்துபோய், துணி ஒட்டி, முதுகைத் தைத்து வைத்திருக்கிறேன். திருகோணமலைப் பொது நூலகத்தில் எடுத்து வாசித்த புத்தகங்களில் மனதில் தைத்த வரிகளை அதில் எழுதிக்கொண்டு வந்தேன். வள்ளுவரும் ஒளவையாரும் கணியன் பூங்குன்றனாரும் அதில் இருக்கிறார்கள். தோல்ஸ்தோய் இருக்கிறார். உரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் இருக்கிறார். எங்கள் அப்பம்மாவின் வாயிலிருந்து விழுந்த பழமொழிகளும் இருக்கின்றன. 1990இல் யுத்தத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினபோது அம்மா காணி உறுதியையும் நகையையும் எடுத்தா. நான் கொப்பியை எடுத்தேன்.

பிறகு 27 வருடம் தமிழ் படிப்பித்தேன். அதில் பெரும்பகுதிக் காலம் காலைக்கூட்டத்தில் நற்சிந்தனை சொல்லும் பொறுப்பு என்னுடையது. தேவாரம், நற்சிந்தனை, அதிபரின் அறிவித்தல், பிறகு வகுப்பு. நற்சிந்தனைக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்கு எனக்குக் கொப்பி கைகொடுத்தது. நல்ல வரிகள் நிறையச் சொன்னேன். அந்த நல்ல வரிகளாலேயே இரண்டு பேரை நோகடித்தும் இருக்கிறேன். இதை எழுதுவது அந்த இரண்டு பேருக்காகவும், என்னைப்போல் வரிகளைச் சேர்த்து வைத்துப் பிறருக்குச் சொல்லுகிறவர்களுக்காகவும்.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியவள் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது கேட்டாள். "ரீச்சர், போன கிழமை விதிதான் பெரிசு எண்டு சொன்னீங்க. இண்டைக்கு முயற்சி செய்தா விதியையே ஓட வைக்கலாம் எண்டு சொல்றீங்க. எது சரி?"

அவள் சொன்னது உண்மை. முந்தின கிழமை சொன்னது ஊழ் அதிகாரத்துக் கடைசிக் குறள், "ஊழிற் பெருவலி யாவுள". அன்று சொன்னது ஆள்வினையுடைமை அதிகாரத்துக் கடைசிக் குறள், "ஊழையும் உப்பக்கம் காண்பர்". ஒன்று 380, மற்றது 620. சொன்னவர் ஒருவர், நூலும் ஒன்று. இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்துத் தாளில் எழுதி வைத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வந்திருக்கிறது. இரண்டும் சரி, இடத்தைப் பொறுத்தது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எந்த இடத்துக்கு எது என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் மறுமொழி இல்லை.

யோசித்தால், பாதி மறுமொழி அதற்கு முன்பே எனக்குக் கிடைத்திருந்தது. என் முதல் நியமனம் மூதூரில். திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து லோஞ்சில் போய்வர வேண்டும். ஒருநாள் குடா நடுவில் இயந்திரம் நின்றுவிட்டது. லோஞ்ச் மெதுவாக ஒரு பக்கமாக இழுபடத் தொடங்கியது. மடியில் கொப்பி. அன்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் பூங்குன்றனாரின் வரி: "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்." ஆற்று வெள்ளத்தின் வழியே தெப்பம் போவதுபோல உயிரும் அதன் முறைவழியே போகிறது. சரிதான், நாங்கள் எல்லோரும் அந்த நேரம் தெப்பம்தான். ஆனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அந்த மனுசன் நாற்பது நிமிடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றினார், துடைத்தார், பூட்டினார், கயிற்றை இழுத்தார். மறுபடி கழற்றினார். எங்களைப் பார்த்து, எல்லாம் விதி என்று சொல்லவில்லை. முயற்சி திருவினையாக்கும் என்றும் சொல்லவில்லை. லோஞ்ச் நீர்வழி போய்க்கொண்டிருந்தது, அவருடைய கை வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் அதற்குள் இருந்த பாடத்தை எடுக்க எனக்கு மேலும் பல வருடம் வேண்டியிருந்தது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும்கூட. அந்தக் காலையைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டாம் நாள் ஒரு பாடசாலையில் இருந்த முகாமில் சமையலுக்கு உதவப் போயிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, ஐந்து வயது மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வகுப்பறைச் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மௌனம் தாங்க முடியவில்லை. அவளுக்கு என்றல்ல, எனக்குத் தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வாய் தானாகத் திறந்தது. நாங்கள் என்ன செய்தாலும் விதி முந்திக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளை, வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்றேன்.

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப விதி என்ட பிள்ளையைத்தான் தேடி வந்ததா ரீச்சர்?"

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. பொழுதுபடும்வரை அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருந்ததுதான் ஏதாவது உதவியாக இருந்திருக்கும். குறள் இல்லை. அந்தக் குறளில் பிழை இல்லை. அது ஒரு மனிதன் தன் தோல்வியைத் தானே ஏற்றுக்கொள்ளத் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கு. துயரத்தில் இருக்கிறவளுக்குப் பக்கத்து ஆள் சொன்னால், அழாதே, கணக்கை மூடு என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து செத்த வீட்டுக்குப் போனால் ஒரு வரியும் சொல்வதில்லை. தேத்தண்ணி ஊற்றுவேன், கதிரை எடுத்துப் போடுவேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் அஞ்சலிப் படத்துக்குக் கீழே தத்துவம் எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

அந்த அடியிலிருந்து நான் எடுத்த பாடம் அரைகுறை. விதியைப் பிறருக்குச் சொல்லக்கூடாது, சரி. அப்படியானால் முயற்சியைச் சொல்லுவோம், அது ஊக்கம்தானே என்று நினைத்தேன். இரண்டாவது பிழை அங்கே தொடங்கியது.

2011. நான் பதினோராம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை. உப்புவெளிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வரும் பையன் ஒருவன் இருந்தான். வந்தால் பிந்தி வருவான். வகுப்பில் கண் சொருகும். கிழமைக்கு இரண்டு நாள் வரமாட்டான். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. எனக்குக் கோபம், அக்கறையில் வந்த கோபம். ஒருநாள் காலைக்கூட்டத்தில் "முயற்சி திருவினை ஆக்கும் முயற்றின்மை இன்மை புகுத்தி விடும்" என்ற குறளை எடுத்தேன். படலையடியில் பிந்தி வந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், அவனும் நின்றான். இரண்டாவது அடியைச் சொல்லும்போது என் கண் அந்த வரிசைக்குப் போனது. முயற்சி இல்லாத வீட்டில் வறுமைதான் குடியிருக்கும் என்று விளக்கமும் சொன்னேன். அறுநூறு பிள்ளைகள் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை விடியப்புறம் அவன் வீட்டைத் தேடிப் போனேன். தாய் தகப்பன் வேலைக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்று நேரத்தோடு போனது. தகப்பன் முதுகு முறிவோடு பாயில் படுத்திருந்தார். "பெடியன் கரையில நிக்கிறான் ரீச்சர்" என்றார்.

கரைவலை இழுப்பதை எங்கள் ஊரில் பிறந்த எவரும் பார்த்திருப்பார்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனபோது, பார்க்க அழகான ஒரு காட்சியாக. அன்றுதான் பக்கத்தில் நின்று முழுதாகப் பார்த்தேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குப் போகும். வளைத்து வலையைப் போட்டுக்கொண்டு மற்றத் தலைப்போடு தூரத்தில் வந்து கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இடுப்பைக் கொடுத்து, குதியை மணலில் ஊன்றி, பின்பக்கமாகவே நடக்க வேண்டும். வலையின் நடுவில் இருக்கிற மடி கரைக்கு வர இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும். அந்த வரிசையில் தகப்பனின் இடத்தில் அவன் நின்றான். என்னைக் கண்டான். கயிற்றை விடவில்லை, முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்று மடி வெறுமையாக வந்தது. பாசி, கொஞ்சம் குப்பை, ஒரு கூடைக்கும் காணாத சூடை மீன். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள், மூன்று மணித்தியாலம். பக்கத்தில் நின்ற மண்டாடி, வலை இழுப்பவர்களுக்குத் தலைவர், எழுபது வயது இருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இது வழமைதான் ரீச்சர். நேத்து நல்லாப் பட்டது. மீன் படுறதும் படாததும் கடல்ட பாடு. மடி வெறுமையா வந்தா இழுத்தவனை ஏசுற வழக்கம் எங்களிட்ட இல்லை. இடையில கயித்தை விட்டவனைத்தான் ஏசுவம்."

வீட்டுக்கு வந்து குறளை விரித்தேன். ஆள்வினையுடைமை அதிகாரத்தை நான் எத்தனை வருடமாகப் படிப்பிக்கிறேன். 616 தெரியும், "தெய்வத்தான் ஆகா தெனினும்" என்ற 619 தெரியும், 620 தெரியும். மேடையில் எல்லோரும் சொல்லுகிறவை இவை. இடையில் 618 இருக்கிறது, நான் ஒரு தடவையும் நற்சிந்தனைக்கு எடுத்ததில்லை.

"பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து
ஆள்வினை இன்மை பழி."

பொறி என்பதற்கு விதி என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். உடல் உறுப்பு என்று கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், கைகூடி வராதது எவருக்கும் பழி இல்லை, அறிய வேண்டியதை அறிந்து முயலாததே பழி. மண்டாடி கரையில் நின்று சொன்னதும் இதுதான், சொல் மாறாத குறையாக. அவர் பள்ளிக்கூடம் எவ்வளவு போனாரோ தெரியாது. நான் மேடையில் நின்று பழியைத் தூக்கி வைத்தது, விடியச்சாமம் இரண்டு மணிக்கு எழும்பிக் கயிற்றை விடாமல் பிடித்த ஒரு பையன் தலையில்.

அன்று செய்த இன்னொரு வேலையும் சொல்ல வேண்டும், ஆசிரியர்களாக இருக்கிறவர்களுக்கு உதவும். திங்கட்கிழமை வரவு இடாப்பை எடுத்து அவன் பெயருக்கு நேரே விரலை வைத்து மாதம் மாதமாகப் பார்த்தேன். முந்தின வருடத்து இடாப்பையும் எடுத்தேன். கார்த்திகை, மார்கழி, தை, கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத மாதங்களில் ஒருநாள்கூட அவன் பிந்தவில்லை. கடல் படுத்த பிறகுதான் வெற்றிடங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமை முழுவதும் என் கையெழுத்திலேயே என் மேசை லாச்சிக்குள் இருந்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு முயற்சியைப் பற்றிப் புத்தி சொல்ல நினைத்தால் முதலில் இடாப்பை அப்படி வாசியுங்கள். வராத நாள்கள் எந்த மாதத்தில், எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பாருங்கள். மலையோரத்துப் பள்ளிக்கூடத்தில் அது வேறு கணக்காக இருக்கும், தம்பலகாமம் போன்ற வயல் ஊரில் அறுவடைக் கணக்காக இருக்கும்.

அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் குறைவு, அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பரவாயில்ல ரீச்சர்" என்று கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் சொன்ன பிழையைக் கூட்டத்திலேயே திருத்த வேண்டும் என்று, பெயர் சொல்லாமல், நான் கரையில் பார்த்ததையும் 618ஐயும் சொன்னேன். அதிபரோடு பேசி, வலை இழுக்கும் நாள்களில் இரண்டாம் பாடத்துக்கு வர அனுமதி எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் கணிதம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியரைப் பிடித்தேன். அந்த மார்கழியில் ஆறு பாடம் சித்தி, கணிதம் இல்லை. அடுத்த வருடம் கணிதத்தைத் திரும்ப எழுதிச் சாதாரண சித்தி எடுத்தான். இப்போது படகு இயந்திரம் திருத்துகிறான். நல்ல கைவேலை என்று கரையில் பெயர்.

காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் பாடுவார்கள், "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று. அவர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்திலிருந்தே பாடினார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. தூரத்தில் இருந்துகொண்டே இந்தக் கடலின் இரைச்சலையும் அது முத்தை அள்ளி ஒதுக்குவதையும் அவர் கண்டார். சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த கரையை நான் காணவில்லை. இப்போதும் அந்தப் பதிகம் காதில் விழுந்தால் அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். ஒன்று புலப்பட்டது. இந்த வரிகளில் பலமானவை பல, சொன்னவர் தனக்குச் சொல்லிக்கொண்டவை. மார்க்கஸ் ஒரேலியஸ் எழுதினது தன் சொந்தக் குறிப்பு, கிரேக்க மொழியில், தன்னைத்தானே முன்னிலையில் வைத்து, நீ காலையில் எழும்பு, நீ கோபப்படாதே என்று. அவர் 180ஆம் ஆண்டில் இறந்தார். உலகத்தை ஆண்ட ஒருவர் தன்னை அதட்டிக்கொண்ட குரல் அது. அதை எடுத்து நாங்கள் பக்கத்து வீட்டுப் பெடியனை அதட்டப் பாவிக்கிறோம். தோல்ஸ்தோய் கடைசிக் காலத்தில் பல நாட்டு அறிஞர்களின் சிந்தனைகளைத் திரட்டி நாளுக்கு ஒன்றாக அடுக்கி வைத்தார், அவரும் தினமும் அதை வாசித்தார். அப்படி வாசிக்கிறவனுக்கு அது பயன்படும்.

எங்கள் மனம் இதைத் தலைகீழாகச் செய்யும். என் மகள் உயர்தரத்தில் பல்கலைக்கழக வாய்ப்பை ஒரு மயிரிழையில் தவறவிட்ட வருடம் நான் சொன்ன காரணங்களை எண்ணிப் பார்க்கிறேன். வினாத்தாள் கடினம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக் கணக்கு, பரீட்சை நேரம் காய்ச்சல். அதே வருடம் ஒழுங்கையில் இன்னொரு பிள்ளை தவறினபோது, "அவன் எங்க படிச்சவன்" என்றேன். எங்கள் வீட்டுக்கு ஊழ் அதிகாரம், அடுத்த வீட்டுக்கு ஆள்வினை அதிகாரம். நான் பார்த்த மட்டில் இந்தப் பழக்கம் இல்லாத மனிதர் மிகக் குறைவு. அந்த ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை இன்று கேட்டால் சொல்லுவேன்: முயற்சியைப் பற்றின வரி உனக்கு. விதியைப் பற்றின வரி அடுத்தவனை நீ மனதுக்குள் எடைபோடும்போது நினைப்பதற்கு, அவன் முகத்துக்கு நேரே சொல்லுவதற்கு இல்லை. உன்னையே நீ போட்டு வதைக்கிற நாளில் அந்த இரண்டாவதில் உனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள். ஒளவையாரின் மூதுரையில், "பருவத்தால் அன்றிப் பழா" என்று உயர்ந்த மரங்களைப் பற்றி ஒரு அடி இருக்கிறது. இராத்திரி நித்திரை வராத எத்தனையோ நாள் அது எனக்கு உதவியிருக்கிறது.

கொப்பி எழுதும் விதத்தையும் மாற்றினேன். இப்போது இடப்பக்கத்தில் மட்டும் வரி. வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வரி உண்மையில் தாங்கின நாள், தாங்காமல் போன நாள், நடந்தது என்ன என்று இரண்டு வரியில் அங்கே எழுதுவேன். வருடத்துக்கு ஒருதடவை, பொங்கலுக்கு முன் வீடு துப்புரவாக்கும் நாள்களில், முழுதையும் வாசிப்பேன். வலப்பக்கம் பத்து வருடமாக வெறுமையாக இருக்கிற வரி அழகுக்காக எழுதினது என்று தெரிந்துவிடும். அதை மேடையில் சொல்வதில்லை. இன்னொன்று, மூலத்தைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. அப்துல் கலாமின் படத்தையோ விவேகானந்தரின் படத்தையோ போட்டு வருகிற வரிகளில் எத்தனையோ அவர்கள் சொன்னதாக எங்கும் தேடிப் பிடிக்க முடியாதவை. மூலத்தைத் தேடிப் போனால் முன்னும் பின்னும் இருக்கிற வரிகளையும் வாசிக்க வேண்டி வரும். 618 எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

இளம் ஆசிரியர்கள் நற்சிந்தனைக்கு என்ன சொல்லலாம் என்று இப்போதும் கேட்டு வருவார்கள். கொப்பியைக் கொடுப்பேன். வரியை எடுங்கள், ஆனால் அதற்குப் பக்கத்தில் உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளைகளில் ஒருவருக்கு நடந்ததை அல்ல, சொல்லும்போது கண்ணை எந்த வரிசையிலும் வைக்காதீர்கள் என்பேன்.

ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. அதே பூங்குன்றனார் பாட்டின் இரண்டாவது அடி, "தீதும் நன்றும் பிறர்தர வாரா." பதினாறு வயதில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். முதலடியை எங்கும் சொல்லுவேன், முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலும் சிங்களவர் வாழும் சேருவிலவிலும் சொல்லியிருக்கிறேன். இந்த அடிக்கு வரும்போது குரல் தயங்கும். இந்த ஊரில் இருந்து, நாங்கள் பார்த்ததை எல்லாம் பார்த்தபிறகு, பிறர் தந்து தீது வராது என்று எப்படிச் சொல்ல? சொன்னவர் பெரிய மனம் படைத்தவர், வேறு எதையோ கண்டு சொல்லியிருக்கிறார் என்றும் தெரிகிறது. அதை அடிக்கவும் மனம் வரவில்லை. வலப்பக்கத்தில் மூன்று திகதிகள் மட்டும் எழுதியிருக்கிறேன். ஒன்று வீட்டைப் பூட்டினது. ஒன்று, முகாமில் முன்பின் தெரியாத ஒரு சிங்களத் தாய் என் தங்கச்சியின் கைக்குழந்தைக்குத் தன் பங்குப் பால்மாவைத் தந்தது. மூன்றாவது அந்தச் சனிக்கிழமை. அவற்றுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது.